எட்டு மாதத்துக்கு முன்பே தீர்ந்த கடன்

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரி மருந்துக்கடை தினேஷ் சீட்டும் கையுமாக மாடியேறி வந்தான்.

"மேடம், ஏழாம் மாசம்னு போட்டு உங்க பேரை எழுதிக்கீறீங்க. ஸ்வீட் எப்போ?"

மகப்பேறு டாக்டர் ஆஷிஃபா சீட்டை வாங்கிப் பார்த்தாள். வெளியே காத்திருந்த கர்ப்பிணிக்கு எழுதிய சத்து மாத்திரைச் சீட்டில் அவளுடைய பெயர், அவளுடைய வயது. சிரிப்பதற்குப் பதில் அழுகை வந்துவிட்டது. பகலெல்லாம் காஞ்சிபுரம், சாயங்காலமானால் வாலாஜாபாத் கிளினிக். இந்த ஆறு வருஷத்தில் உருப்படியாக ஒரு ஞாயிறுகூட அவளுக்கு வாய்க்கவில்லை.

மத்தியானம் கணவன் ஃபைசலிடம் நடந்ததைச் சொன்னாள்.

"வாலாஜாபாத்தை விட்டுடேன்," என்றான் அவன்.

"வீட்டு லோனை யாருங்க கட்டுறது? இன்னும் நாலு வருஷம் இருக்குது."

"தவணையைக் குறைக்கச் சொல்லி பேங்க்ல கேட்டியா?"

கேட்டதில்லை. வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தாலும் பதறாதவள், வங்கிக் கடிதம் வந்தால் பிரிக்காமலே மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிடுவாள்.

மறுநாள் வங்கிக்குப் போய், மாதத் தவணையைப் பாதியாக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். கடன் பிரிவு அகிலா கம்ப்யூட்டரைப் பார்த்தாள்; பிறகு இவளைப் பார்த்தாள்.

"எந்த லோன் மேடம்? உங்களுக்குத்தான் லோனே இல்லியே!"

"என்னது?"

"மூணு வருஷம் முன்னாடி நிலம் வித்த பணத்தை மொத்தமா கட்டினீங்கல்ல? தவணையைக் குறைக்காதீங்க, வருஷத்தைக் குறைங்கன்னு நீங்கதான் கையெழுத்து போட்டுக்கீறீங்க. போன மார்ச்லயே முடிஞ்சிபோச்சி. பத்திரத்தை வந்து வாங்கிக்கோங்கன்னு மூணு லெட்டர் போட்டோம்."

இரண்டு பிரசவம் பார்த்ததற்கு நடுவே படிக்காமல் போட்ட கையெழுத்து அது.

"அப்போ இந்த எட்டு மாசமா நான்..."

"தவணைப் பணத்தை உங்க அக்கவுண்ட்லயே சேத்துக்கினு இருந்தீங்க மேடம்!"

ஆஷிஃபாவுக்கு முதலில் விக்கல்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு கிளம்பியது. நிறுத்த முடியவில்லை. வரிசையில் நின்ற பட்டுக்கடைக்காரர், "என்னம்மா, ஏலச்சீட்டு விழுந்துச்சா?" என்றார்.

"சாயங்காலம் விழுந்துக்குதுங்க! எனக்கு சாயங்காலம் விழுந்துக்குது!"

அகிலா சந்தடிசாக்கில் ஒரு படிவத்தை நகர்த்தினாள். "பணம் சும்மா கிடக்குதே மேடம். நல்ல பாலிசி. இங்க ஒரு கையெழுத்து..."

ஆஷிஃபா பேனாவை எடுத்தாள். எடுத்தவள், வாழ்க்கையில் முதல்முறையாகக் கையெழுத்துக்கு முன் படித்தாள்.

"பதினெட்டு வருஷம் கட்டணுமா? வேணாம்மா."

"அப்போ பணத்தை என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியாது. கத்துக்கினு வர்றேன்."

படியிறங்கும்போதே வாலாஜாபாத் கிளினிக்கின் டாக்டர் ஜெயக்குமாரை அழைத்தாள். இந்த மாதத்தோடு நின்றுகொள்வதாகவும், இன்று ஒருநாள் விடுப்பு வேண்டுமென்றும் சொன்னாள்.

"ஏம்மா, உடம்பு சரியில்லியா?"

"சரியாகட்டும்னுதான் சார்!"

ஐந்து மணிக்கு ஃபைசலின் ஸ்கூட்டரில் தாமல் ஏரிக்குப் போனார்கள். வழியெல்லாம் அவள் சுதியில்லாமல் பாடிக்கொண்டே வந்தாள். கார்த்திகை மழையில் ஏரி தளும்பிக் கிடந்தது. கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தபடி, மியூச்சுவல் ஃபண்ட் என்றால் என்ன என்று ஃபைசல் விளக்கத் தொடங்கினான். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அவன் கை மரத்துப்போனது. அசையவில்லை.

"எவ்ளோ நேரம் தூங்கினேன்?" என்று கண் திறவாமல் கேட்டாள்.

"அரை மணி."

"இன்னொரு அரை மணி," என்றாள்.