இருவருக்கும் ஒரே தப்பு

ரயிலில் டிக்கெட் பரிசோதிப்பவருக்கு முகங்களைப் படிப்பதுதான் பிழைப்பு. டிக்கெட் இல்லாத ஆள் ஜன்னலுக்கு வெளியே இருப்பதைத் தேவைக்கு மேல் ரசிப்பார். கேட்பதற்கு முன்பே பையைத் துழாவ ஆரம்பிப்பார். இதையெல்லாம் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் அவர் ஒரு வாரமாகத் தன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் ஏழாம் வகுப்பு. பள்ளிகளுக்கு இடையிலான கணிதப் போட்டிக்கு நான்கு பேர் கொண்ட அணி போகவேண்டும். அதற்கான பயிற்சிக்கு, பள்ளிக்குப் பின்னாலிருந்த மாடி அறை ஒன்றில் கணக்கு சார் வகுப்பு வைத்திருந்தார். பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போடுவது, முதலில் தாள் முழுக்க ஒரு பார்வை பார்த்துவிட்டு எளியதிலிருந்து தொடங்குவது, மாட்டிக்கொண்ட கணக்கோடு மல்லுக்கட்டாமல் நகர்வது என்று எல்லாம் அங்கேதான் கற்றாள். வீட்டில் பல் தேய்க்கும்போதுகூட எண்களைக் காரணி பிரித்துக்கொண்டிருப்பாள். அணியில் அவளுக்கு இடம் உறுதி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மாதிரித் தேர்வுக்குப் பிறகு சார் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவளும் மருந்துக்கடைக்காரர் மகனும் ஒரு கேள்விக்கு ஒரே தவறான விடையை எழுதியிருக்கிறார்களாம். பையன் முன் பெஞ்ச், இவள் அவனுக்கு நேர் பின்னால். வேறு யாருக்கும் அந்த எண் வரவில்லை. எந்தக் கேள்வி என்று சார் சொல்லவில்லை. அதே தாளை அடுத்த குழுவுக்கும் கொடுக்கவேண்டியிருந்ததால் விடைத்தாளையும் காட்டவில்லை.

"சரியான விடை எல்லாருக்கும் ஒண்ணாத்தான் இருக்கும். தப்பு அப்படி இல்ல. அது அவங்கவங்களுக்குச் சொந்தம்," என்றார் சார்.

அந்த வாக்கியம் அப்பாவுக்குப் பிடித்துப்போனது. அதுதான் கெடுதலாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒரே ஒரு தடவை கேட்டார், பாத்து எழுதினியா என்று. அவள் இல்லை என்றாள். ஆனால் அந்த 'இல்லை'க்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அதற்குப் பிறகு அவள் அவரிடம் அதிகம் பேசவில்லை. அவர் மேஜையைக் கடந்துபோகும்போது முழங்கையால் தாளை மறைத்துக்கொண்டாள். பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பையனோடு தலையைக் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றையும் அவர் எடுத்து மற்றதன் பக்கத்தில் வைத்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அதிகமாகவே பொருந்துகிறதோ என்று ஒரு தடவை தோன்றியது. அந்த எண்ணத்தை அவர் வளர்க்கவில்லை.

மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க டிக்கெட் புத்திய வாசல்லயே கழட்டிட்டு வாங்க. அவ என்ன உங்க ரயில்லயா ஏறினா?"



அணியை அறிவிக்கும் நாளன்று, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் மகளுக்குத் தனியாக ஒரு கணக்கு கொடுத்துப் பார்ப்பதாகவும், சரியாகப் போட்டால் இடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றும் சார் சொல்லியிருந்தார். அப்பாவும் கூட இருக்கட்டும் என்றார். அவர் கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க, சீருடையோடு உட்கார்ந்தார்.

சார் சதுரங்கள் நிறைந்த ஒரு செவ்வகத்தைத் தாளில் வரைந்து கொடுத்தார். மாதிரித் தேர்வில் வந்தது பன்னிரண்டுக்குப் பதினெட்டு கட்டம், இப்போது ஆறுக்கு ஒன்பது என்றார். இது டைல்ஸ் பதித்த தரை. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நூலை இழுத்துக் கட்டினால் அது எத்தனை டைல்ஸ் மேல் போகும்?

"இந்தக் கேள்வியா சார்?" என்றாள் மகள். குரலில் பயம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அப்பா அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

அவள் நூலை வரையவே இல்லை. உடனே பதினான்கு என்று எழுதினாள். இவ்வளவு வேகமா என்று அவர் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தப்பு," என்றார் சார். "எப்படி வந்துச்சு?"

"ரெண்டையும் கூட்டி ஒண்ணு கழிச்சேன்."

"அப்படின்னு யார் சொன்னது? அவனா?"

அவள் தாளையே பார்த்தாள்.

"நீங்கதான் சார்."

சார் சிரித்தார். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அவள் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். மழை கொட்டிய அன்று அவளும் அந்தப் பையனும் மட்டும்தான் வந்திருந்தார்கள். வகுப்பு இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு, குடையைக் கையில் பிடித்தபடியே சார் பலகையில் மூன்றுக்கு ஐந்து கட்டம் போட்டார். நூல் ஏழு கட்டத்தில் போனது. நாலுக்கு ஏழு போட்டார், பத்து வந்தது. கூட்டி ஒன்றைக் கழி, போட்டியில் நேரம் மிச்சமாகும் என்றார்.

சார் சிரிப்பை நிறுத்தியிருந்தார். எழுந்து போய்ப் பலகையில் இரண்டுக்கு இரண்டு கட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோடு நட்டநடுப் புள்ளியில் புகுந்து, இரண்டே கட்டங்களைத் தொட்டுவிட்டு வெளியேறியது. சாரின் வழிப்படி மூன்று வந்திருக்கவேண்டும்.

சார் திரும்பாமல் அப்படியே நின்றார். முதுகைப் பார்த்து எதையும் படிக்க முடியவில்லை.

"நடுவுல கட்டத்தோட மூலை வழியா போனா கணக்கு குறையும்," என்றார் கடைசியில், பலகையிடம். "அன்னிக்கு நான் போட்ட ரெண்டுலயும் அப்படிப் போகல. இந்த ஆறுக்கு ஒன்பதுல போகுது."

கடைசி பெஞ்சில் இருந்தவருக்கு அப்போதும் மனம் முழுதாக அடங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் இருவரும் சேர்ந்து தயார் செய்த கதையோ இது? கேட்டுக்கொண்டது அவருக்குள்ளிருந்த பரிசோதகர். ஆனால் எந்தக் கேள்வி என்றே அவர்களுக்குத் தெரியாது. தெரியாததற்கு எப்படிக் கதை கட்டுவது? அவருக்குக் காது சுட்டது.

சார் டஸ்டரை எடுத்தார். "சரி, உன் இடம் உனக்குத்தான். நாளையிலேர்ந்து வழக்கம்போல வந்துடு."

"அழிக்காதீங்க சார்," என்றாள் அவள். "எல்லாரும் வரட்டும். நான் பாத்து எழுதினேன்னு அவங்க முன்னாடிதானே சொன்னீங்க?"

சார் அவளைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார். பெரியவர்களுக்குள் முடித்துக்கொள்ளலாமே என்று கேட்கும் பார்வை. சின்னப் பெண், நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும் என்றும், போட்டி நெருங்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குக் குழப்பம் வேண்டாமே என்றும் மெதுவாகச் சொன்னார். டூட்டிக்கு நேரமாகியிருக்குமே என்றும் சேர்த்துக்கொண்டார்.

நேரமாகித்தான் இருந்தது. கிளம்புவதற்காகப் பாதி எழுந்திருந்தவர், மீண்டும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வரட்டும் சார்," என்றார். "நானும் இருக்கேன்."

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் மருந்துக்கடைக்காரர் மகன் வந்தான், பின்னால் மற்றவர்கள். பலகையில் இருந்த நான்கு கட்டத்தையும் சாரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். சார் டஸ்டரை மேஜைமேல் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்னிக்கு மழையில நான் ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன்," என்று ஆரம்பித்தார்.

மகள் நேராகப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இருந்த பக்கம் திரும்பவில்லை. திரும்புவாள் என்று எதிர்பார்க்கும் உரிமை இன்றைக்குத் தனக்கு இல்லை என்று நினைத்தபடி, சார் சொல்வதை அவரும் கவனமாகக் கேட்டார்.