தரையில் படுத்திருந்தபோது

“வீட்ல கனமா எதையாவது தூக்கறீங்களா?” என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டபோது அவள் சிகிச்சைக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். முகத்தை வைத்துக்கொள்ள இருந்த வட்டத் துளை வழியாகத் தரையும் அந்தப் பெண்ணின் வெள்ளைக் காலணிகளும் தெரிந்தன.

“என் வீட்டுக்காரரை,” என்றாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கட்டிலில் இருந்தவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

“சாரி அக்கா. என்ன ஆச்சு அவருக்கு?”

பக்கவாதம். இடது பக்கம். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் குளியலறை வாசலில் விழுந்தார். பேச்சு திரும்பிவிட்டது, கையும் பெரும்பாலும் திரும்பிவிட்டது, கால் மட்டும் வரவில்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, அங்கிருந்து திரும்பவும் கட்டிலுக்கு. அவர் இரண்டு கைகளையும் அவள் கழுத்தில் கோத்துக்கொள்வார். இவள் அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கித் திருப்பி உட்கார வைப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு கட்டிப் பிடித்தது இப்போதுதான் என்று கடையில் ஒருமுறை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. லென்ஸை ப்ரேமின் அளவுக்கு இயந்திரத்தில் தேய்ப்பது, பிளாஸ்டிக் ப்ரேமைச் சூட்டில் இளக்கி லென்ஸைப் பொருத்துவது, கண்ணுக்கே தெரியாத திருகுகளை முடுக்குவது. நாள் முழுக்கக் குனிந்த தலை. அதனால் வலி வந்ததும் எல்லோரும் அவளுடைய ஸ்டூலைத்தான் குற்றம் சொன்னார்கள். ஸ்டூலை மாற்றினாள். மெத்தையை மாற்றினாள். முதுகுவலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்கிற அத்தனை பேரும் டாக்டராகிவிடுகிறார்கள். ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டர், வெந்நீர்ப் பை, இடுப்புப் பெல்ட், பெயர் தெரியாத பச்சைத் தைலம் எல்லாம் ஆகிவிட்டது. வலி எதற்கும் அசையவில்லை. அடிமுதுகில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உட்கார்ந்துகொண்டு, நினைத்தபோது இடது தொடை வழியாக முழங்கால் வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தது. இரவில் புரண்டு படுப்பதற்கே திட்டம் போட வேண்டியிருந்தது. தும்மல் வந்தால் பயமாக இருந்தது.

“தூக்கறதை நிறுத்தாம நான் என்ன செஞ்சாலும் ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற மாதிரிதான்,” என்றாள் அந்தப் பெண். “வேற யாராவது தூக்க முடியாதா?”

“பொண்ணு இருக்கா. அவளும் வேலைக்குப் போறா. அவ முதுகும் போயிடுச்சுன்னா?”

அந்தப் பெண் வாதாடவில்லை. தரையில் படுத்து ஒரு நாற்காலியின் மேல் கால்களை மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். தொடை செங்குத்தாக, கெண்டைக்கால் நாற்காலி மேல். முதுகு முழுக்கத் தரையில் படிய வேண்டும். தினமும் வேலை விட்டு வந்ததும் ஒரு டீ ஆறுகிற நேரம் அப்படியே கிடக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாளே அவளுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. கணவர் பார்வையில் அப்படிக் கிடக்கக் கூச்சமாக இருந்ததால் மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள்.

மகளை அந்த வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள், சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும்.

அன்றைக்குக் கடை இருந்த தெருவில் மதியமே மின்சாரம் போய்விட்டது. மாலை வரைக்கும் வராது என்றார்கள். இயந்திரம் ஓடாமல் பின்னறையில் உட்கார்ந்து என்ன செய்ய? கடைக்காரர் போகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து தன் சாவியால் கதவைத் திறந்தபோது படுக்கையறையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அவர் தூங்கிக்கொண்டிருப்பார், எழுப்ப வேண்டாம் என்று நினைத்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் இடுப்பு தீயாக எரிந்தது. செருப்பைக் கழற்றி நேராகப் பாப்பாவின் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டுத் தரையில் சாய்ந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எரிச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணைத் திறந்தபோது, கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் இரண்டு பாதங்கள் போயின.

பாப்பா சீக்கிரம் வந்துவிட்டாளா என்று முதலில் தோன்றியது. ஆனால் அது ஆண் பாதம். அடுத்து, திருடனோ என்று பயந்தாள். கத்தலாமா, கத்தினால் உள்ளே படுத்திருக்கும் மனிதரை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றுகூட நினைத்தாள். அந்த நினைப்புக்காகப் பின்னால் எத்தனையோ தடவை தன்னைத் தானே ஏசிக்கொண்டாள். பாதங்கள் கதவுக்கு நேராக நின்றன. இடது கட்டை விரலின் நகம் கோணலாக, உள்பக்கம் வளைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த நகத்தை வெந்நீரில் ஊற வைத்து வெட்டிவிட்டவள் அவள்தான்.

இடது கால் லேசாக இழுத்தது. லேசாகத்தான். அடுப்படிப் பக்கம் போனார். பாப்பாவின் அறையும் அடுப்படியும் எதிரெதிராக இருந்ததால் அங்கேயும் பாதங்கள் தெரிந்தன. டிவியில் ஓடிய பாட்டை அவர் கூடவே முணுமுணுத்தார். அலமாரிக்கு முன்னால் நின்றார். குதிகால்கள் இரண்டும் ஒன்றாக உயர்ந்தன. இனிப்புக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு பிஸ்கட் டப்பாவை அவள் மேல் தட்டில், யாருக்கும் எளிதில் எட்டாத இடத்தில் வைத்திருந்தாள். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. நின்றுகொண்டே தின்றார். பிறகு பாதங்கள் வந்த வழியே திரும்பிப் போயின. கட்டில் கிறீச்சிட்டது.

அவள் அசையவில்லை. வாரா வாரம் அந்தப் பாதங்களை ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். உள்ளங்காலில் அழுக்கு இருக்கும். நடக்காதவருக்கு உள்ளங்காலில் ஏது அழுக்கு? ஜன்னல் வழியாகத் தூசி வருகிறது என்று நினைத்துத் திரையை மாற்றித் தைத்துப் போட்டாள். மாற்றிய ஸ்டூல், மாற்றிய மெத்தை, மாற்றிய திரை. மாற்றாமல் விட்டது அவரைத் தூக்குவதை மட்டும்தான்.

அப்போதுதான் கவனித்தாள், முதுகில் வலியே இல்லை. துளிகூட இல்லை. எந்த நேரத்தில் வந்து தொலைத்திருக்கிறது என்று அந்த நிம்மதியின் மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது.

சத்தமில்லாமல் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தாள்.

“பாப்பா, நான் இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டேன். வீட்ல அப்பா...”

அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது.

“பாத்துட்டியாம்மா?” என்றாள் மகள்.

பஸ் ஒன்று வந்து நின்று, இவள் ஏறுவாள் என்று காத்திருந்துவிட்டுப் போனது.

“உனக்குத் தெரியுமா?”

“அம்மா, நானே சொல்லணும்னுதான்...”

“எப்பலேர்ந்து?”

“வெயில் ஆரம்பிச்சப்போ. நான் லீவு போட்டிருந்தேன்ல, அன்னைக்கு. அப்பா என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரும்மா. நல்லா நடக்க வந்ததும் நானே சொல்லிடறேன்னாரு.”

“நான் புரண்டு படுக்க முடியாம முனகறது உன் ரூமுக்குக் கேக்கலையா?”

“கேக்கும்,” என்றாள் மகள். அழ ஆரம்பித்திருந்தாள். “நீங்க ரெண்டு பேரும் இப்பத்தானேம்மா பேசிக்கறீங்க. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு. நான் ஸ்கூல் படிக்கிறப்போ ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருக்கீங்களா? அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல.”

அவள் போனை அணைத்தாள். மகள் சொன்னதில் பொய் இல்லை. அந்த வீட்டில் வருஷக்கணக்காகச் சண்டைகூடக் கிடையாது. அவர் வருவார், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், டிவியைப் பார்த்துத் தூங்குவார். ஏதாவது வேண்டுமென்றால் பாப்பாவிடம் சொல்லி அனுப்புவார். அவர் விழுந்ததற்குச் சில வாரங்களுக்கு முன்னால் அவள் கடையின் அடுத்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தாள். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது, அவர் டிவி சத்தத்தைக் குறைக்கக்கூட இல்லை. அதற்குள் அந்த மழை, அந்தக் குளியலறை வாசல். மாற்றல் வேண்டாம் என்று அவளே கடைக்காரரிடம் போய்ச் சொன்னாள். யாரும் வற்புறுத்தவில்லை. விழுந்து கிடக்கிற மனிதரைத் தாண்டிப் போக அவளுக்குத் தெரியவில்லை.

வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குள் போனாள். பாப்பா அவளுக்கு முன்பே வந்து, கூடத்தில் பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தாள். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“வந்துட்டியா? அப்பலேர்ந்து அடக்கிட்டு இருக்கேன்,” என்று சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் அருகில் போகவில்லை.

“எழுந்து போங்க.”

“என்ன?”

“பிஸ்கட் டப்பாவை எட்டி எடுக்க முடியுதுல்ல. பாத்ரூம் அதைவிடப் பக்கம்தான்.”

அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். நீட்டிய கைகளை என்ன செய்வது என்று தெரியாதவர்போல மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

“அது... தண்ணி குடிக்கலாம்னு எழுந்தேன். இன்னைக்குத்தான், ஏதோ...”

“ஏங்க, இன்னும் பொய்யா?”

அவர் போர்வையைப் பார்த்தபடி சொன்னார்: “தினமும் காலையில சொல்லிடணும்னுதான் நெனப்பேன். நீ வந்து தூக்குவ. சரி, நாளைக்குன்னு விட்டுடுவேன்.”

“என் முதுகு ஒடிஞ்சுதே, அது தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து, அவளைக் கடந்து, ஒரு கால் இழுக்க நடந்துபோய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே குழாய் திறந்த சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அவள் தன் துணிமணிகளைப் பாப்பாவின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். பாப்பா கூடத்தில் படுத்தாள். அவர் வீட்டுக்குள் வெளிப்படையாக நடக்க ஆரம்பித்தார், பிறகு மாடிப்படியில், பிறகு தெருவில். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். “எல்லாம் உங்க கவனிப்புதான். வேற யாரு இப்படிப் பாத்துக்குவா?” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எல்லோருக்கும் டீ போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவரைவிட அவளைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. ஒரு வீட்டுக்குள்ளேயே ஒரு மனிதர் எழுந்து நடமாடியது தெரியாமல் இருந்தவள் என்று.

முதுகு நாளுக்கு நாள் இளகியது. ஒரு காலையில் கீழே விழுந்த திருகு ஒன்றைத் தேடி மேஜைக்கடியில் குனிந்தவள், எடுத்துக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான் வலிக்கவில்லை என்பதையே உணர்ந்தாள். பிசியோதெரபிஸ்டுக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களாக்கா, நான் சொல்லிக் குடுத்தது வேலை செஞ்சிடுச்சு!” என்றாள்.

“ஆமா,” என்றாள் இவள். “தரையில படுத்ததுலதான் எல்லாம் சரியாச்சு.”

அடுத்த ஊர்க் கிளையில் மறுபடியும் ஆள் தேவைப்பட்டது. இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருந்தார். பாப்பாவிடம் மட்டும் சொன்னாள். பாப்பா யோசித்துவிட்டு, “நான் வரலம்மா,” என்றாள். அதோடு தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். பாப்பாவிடம் சொன்னால் அது அவர் காதில் போய்ச் சேரும் என்று அவளுக்கு இப்போது தெரியும். தெரிந்தேதான் சொன்னாளோ என்னவோ.

வியாழக்கிழமை மதியம் கவுண்டரில் நிற்கும் பெண் பின்னறைக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, எதிர்ல நிக்கறது உங்க சார்தானே?”

அவள் கையில் திருப்புளியோடு எழுந்து முன்பக்கம் வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சாலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சிக்னல் கிடையாது. ஓடத் தெரிந்தவர்களே இரண்டு மூன்று தடவை முயன்றுதான் கடப்பார்கள். எதிர் நடைபாதை ஓரத்தில் அவர் நின்றிருந்தார். தானே தேய்த்திருக்க வேண்டும், சட்டையின் ஒரு கை மட்டும் மடிப்போடு இருந்தது. வெயிலில் முகம் சுருங்கியிருந்தது. கடையின் பெயர்ப் பலகையைப் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். நல்ல காலைச் சாலையில் இறக்கினார். ஒரு லாரி ஒலியெழுப்பிக்கொண்டு வந்தது. காலை மேலே எடுத்துக்கொண்டார்.

“கூட்டிட்டு வரட்டாக்கா?” என்றாள் கவுண்டர் பெண்.

அவள் உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்தாள். உள்ளே ஏசி ஓடியதால் கண்ணாடி சில்லென்றிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் அவர் மறுபடியும் காலை இறக்கினார்.