அவள் மெஷினுக்கு அவன் அட்மின்

ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் அவன் சட்டைக்கு இஸ்திரி போடுவான். மற்ற நாளெல்லாம் கொடியிலிருந்து உருவியதை அப்படியே மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிற ஆள். பெண்டாட்டியின் கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணப் போகிற நாளில் மட்டும் மாப்பிள்ளை மிடுக்கு வந்துவிடும். தூசி ஊதப் போகிறவனுக்கு வெள்ளைச் சட்டை எதற்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஆள் இருந்திருந்தால் தூசி ஊத ஊரைத் தாண்டிப் போக வேண்டியும் இருக்காது.

அவள் பிரிந்துபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கோர்ட்டு, கேஸ் என்று ஒன்றுமில்லை. ஒரு நாள் துணிமணியையும் கம்ப்யூட்டரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள், அவ்வளவுதான். காரணம் கேட்டதற்கு, "உங்க கூட இருந்தா எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். அவனும் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன் என்கிற மாதிரி ஏதோ அசட்டுத்தனமாகப் பேசி, வாங்கிக் கட்டிக்கொண்டான். அவள் எப்படியாவது திரும்பி வந்துவிட வேண்டும். ஒன்றரை வருஷமாக அவனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதற்கு அவன் கையில் மிச்சமிருந்த ஒரே பிடி அந்த மெஷின்.

சாதாரண மெஷின் இல்லை. அவள் பண்ணுகிற வேலை அப்படி. கட்டடம் கட்டும் முன்பே, அது எழுந்து நின்றால் எப்படியிருக்கும் என்று படமாக்கிக் காட்டுவாள். சுவரில் விழும் வெயில்கூட நிஜமாகத் தெரியும். ஒரு படம் முடிய மெஷின் ஏழெட்டு மணி நேரம் மூச்சு வாங்கும். அதற்காகவே பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ஃபேன் என்று ஒவ்வொன்றாக மூன்று மாதம் அலசி ஆராய்ந்து அவனே பூட்டிக் கொடுத்தான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. வாழ்க்கையில் அவன் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

கொடுத்தவன் சாவியையும் கொடுத்திருக்கலாம். அங்கேதான் புத்தி கோணிக்கொண்டது. நானூறு பேர் வேலை பார்க்கிற ஆபீஸில் அவன் சிஸ்டம் அட்மின். "யூசர் கையில அட்மின் உரிமையைக் கொடுத்தா சிஸ்டம் நாசமாப் போயிடும்" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வாய். அதே சட்டத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தான். அட்மின் அவன், யூசர் அவள். புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போட வேண்டுமென்றாலும், இருப்பதைப் புதுப்பிக்க வேண்டுமென்றாலும் கட்டம் ஒன்று வந்து பாஸ்வேர்ட் கேட்கும். அவள் ஆபீஸுக்கு போன் போடுவாள். அவன் தன் சீட்டிலிருந்தே நெட் வழியாக அவள் திரைக்குள் நுழைந்து, பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு வெளியே வருவான். பாஸ்வேர்டைச் சொல்லுங்களேன் என்று கேட்டால், "உனக்கெதுக்கும்மா அந்தத் தலைவலி, நான் இருக்கேன்ல" என்பான். ஒவ்வொரு போனுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துபோவான். அன்பு என்று அதற்கு அவனே பெயர் வைத்துக்கொண்டான்.

இந்த முறை சர்வீஸுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே அவள் கூப்பிட்டாள். "மெஷின் விஷயமா பேசணும், ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?" என்றாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ப்ளோயர், ஸ்க்ரூடிரைவர் செட், பிராசஸருக்குப் பூசுகிற தெர்மல் பேஸ்ட் எல்லாவற்றையும் பையில் அடுக்கிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாடியே போய்க் கீழே தெருவில் நின்றான்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அத்தை.

"வாங்க மாப்பிள்ளை. வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க."

அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். ஒன்றரை வருஷமாக 'வாங்க தம்பி' என்றுதான் அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டான். அதுவும் சிரித்த முகமாக. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிக்குச் சமைக்கிற சத்தம்.

அவள் அறையில் ஜன்னலோரம் மேஜை, அதன் மேல் இரண்டு மானிட்டர், கீழே கறுப்புக் கேபினெட். அவன் வழக்கம்போலத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். கையிலிருந்த ப்ளோயர் கையிலேயே நின்றது.

உள்ளே மருந்துக்கும் தூசி இல்லை. முன்பக்க வலை கழுவிக் காய வைத்துப் பொருத்தியிருந்தது. ஃபேன் இறக்கை ஒவ்வொன்றும் துடைத்திருந்தது. அவன் அவசரத்தில் அள்ளி முடிந்திருந்த வயர்களை யாரோ அவிழ்த்து, ஓரமாக நீவிவிட்டுக் கட்டியிருந்தார்கள். பவர் சப்ளை புதுசு. எவனோ கை வைத்திருக்கிறான், அதுவும் தன்னைவிடக் கை சுத்தமான ஒருத்தன். அந்த நினைப்பிலேயே அவனுக்கு வயிறு எரிந்தது.

"யார் வந்து பாத்தா?"

"யாரும் வரல. நான்தான் பண்ணேன்."

"நீயா?"

"ஏன், எனக்கென்ன கையில்லையா? மெஷின் வேலைக்கு நடுவுல தானா ஆஃப் ஆயிட்டே இருந்துச்சு. எல்லாத்துக்கும் உங்களை எதிர்பார்த்துட்டே இருக்க முடியுமா? வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். மொதல்ல மெமரி கார்டைக் கழட்டித் தலைகீழா மாட்டப் பாத்தேன், உள்ள போகல." தன்னைத் தானே கிண்டல் செய்கிற சிரிப்பு, ஒரு நொடிதான் இருந்தது. "தூசி எடுத்தும் நிக்கல. அப்புறம் பவர் சப்ளையை மாத்தினேன். இப்ப நல்லா ஓடுது."

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்ட?"

"ஏன் ஆஃப் ஆகுதுன்னு கண்டுபிடிக்க லாக் பாத்தேன். அதுல ஒண்ணு கேக்கணும். இருங்க, எழுதி வச்சிருக்கேன்."

அவள் எழுந்து வெளியே போனாள். அவன் ப்ளோயரைக் கீழே வைத்தான்.

லாக் என்பது மெஷின் தனக்குத்தானே எழுதிக்கொள்கிற நாட்குறிப்பு. எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது, யார் உள்ளே வந்தது, யார் வெளியே போனது, எல்லாம் அதில் இருக்கும். மற்ற வீடுகளில் பழசு தானாக அழிந்துகொண்டே போகும். இவன் பெரிய சூரன் இல்லையா, ஒரு வரிகூட அழியக் கூடாது என்று செட்டிங் போட்டு வைத்திருந்தான். அதைப் படிக்க அட்மின் பாஸ்வேர்ட் வேண்டியதில்லை, யூசரே படிக்கலாம். அவள் படிப்பாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

அவள் கேட்கப்போவது எந்த நாளைப் பற்றி என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவனைத் தின்றுகொண்டிருக்கிற நாள். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வடிவமைப்புப் போட்டி. நாலு மாதம் ஊண் உறக்கம் பார்க்காமல் உழைத்திருந்தாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் படங்களை அனுப்பியாக வேண்டும். காலையில் டிபன் சாப்பிடும்போது, "ஜெயிச்சா ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டுத் தனி ஆபீஸ் போடப்போறேன், மெஷினையும் அங்க கொண்டு போயிடுவேன்" என்று ஆசையாகச் சொன்னாள். அவனுக்கு மட்டும் அது ரசிக்கவில்லை. ஏதோ குதர்க்கமாகக் கேட்டான், பேச்சு முற்றியது, வீம்போடு ஆபீஸ் போனான்.

நாலு மணிக்கு மேல் அவள் போன் வந்தது. சாஃப்ட்வேர் நடுவில் நின்று பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறது. அவன் எடுக்கவில்லை. கொஞ்சம் தவிக்கட்டுமே என்று இருந்தான். பதினோரு தடவை அடித்தது. எடுக்காமல் இருந்ததோடு விட்டானா, அதுவும் இல்லை. தன் சீட்டிலிருந்து அவள் திரைக்குள் நுழைந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கட்டத்துக்குள் அவள் எதையோ அடிப்பாள், கறுப்புப் புள்ளிகளாக விழும், தவறு என்று வரும். மறுபடி அடிப்பாள். இதோ போட்டுவிடலாம், இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மணி ஐந்து அடித்தது. அதற்கப்புறம் புள்ளிகள் வரவில்லை. வீட்டுக்கு வந்து, சர்வர் ரூமில் இருந்தேன், போனை வெளியே வாங்கி வைத்துவிட்டார்கள் என்று கூசாமல் புளுகினான். அழுது வீங்கிய கண்ணோடு அவள் அதை நம்பினாள். அதுதான் அவனால் பொறுக்கவே முடியாதது.

அவள் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்து எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள்.

"போட்டி அன்னிக்கு சாயங்காலம். நாலு இருபத்தொண்ணுக்கு உங்க அக்கவுண்ட் வெளியிலேருந்து உள்ள வந்திருக்கு. அஞ்சு மூணுக்கு வெளிய போயிருக்கு. நாப்பத்திரண்டு நிமிஷம்."

அவன் கழற்றிய திருகு ஒன்றை விரலில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"நான் சண்டை போடக் கூப்பிடல. முழுசாக் கேளுங்க. அடுத்த மாசம் நம்ம வீட்டுக்கே வந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். அம்மாகிட்டயும் சொல்லியாச்சு. ரிப்பேர் மெஷினோட வர வேண்டாமேன்னுதான் நானே திறந்து சரி பண்ணேன்." காகிதத்தை நாலாக மடித்தாள், பிரித்தாள். "இது தானா கனெக்ட் ஆகியிருக்கும், இல்ல? ஏதாவது ஆட்டோமேட்டிக் செக் இருக்கும். நீங்க சர்வர் ரூம்லதானே இருந்தீங்க. ஆமான்னு சொல்லுங்க, இத்தோட விட்டுடறேன். ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல."

பொய்யைத் தட்டில் வைத்து அவளே நீட்டுகிறாள். எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆமாம்மா, வாராவாரம் சிஸ்டம் தானாகவே செக் பண்ணும் என்று ஒரு வரி. தொழில் தெரிந்தவன் சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது. அடுத்த மாதம் அவள் வீட்டில் இருப்பாள். நுனி நாக்கு வரை வந்துவிட்டது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று அந்த முகம் கெஞ்சிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை அந்த முகத்தை ஏமாற்ற அவனுக்கு உடம்பில் தெம்பில்லை.

"தானா இல்ல. நான்தான்."

"நீங்களா?"

"பாத்துட்டே இருந்தேன். போன் வந்ததும் தெரியும். நீ ஜெயிச்சா போயிடுவன்னு பயந்துட்டேன்."

மேஜைக்கடியில் மெஷின் மட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்துவாள், காகிதத்தை முகத்தில் எறிவாள் என்று எதிர்பார்த்தான். எறிந்திருந்தால் தேவலை.

"நான் என்னென்ன போட்டுப் பாத்தேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"புள்ளிதான் தெரியும்."

"மொதல்ல உங்க அம்மா பேரு. அப்புறம் நம்ம கல்யாணத் தேதி. வீட்டு நம்பர். அதுவும் இல்லைன்னதும் என் பேரைப் போட்டேன். தப்புன்னு வந்துச்சு. ஸ்பெல்லிங்தான் தப்பா அடிச்சிட்டேன்னு நெனச்சேன். திரும்பப் போட்டேன். நாலு தடவை என் பேரையே போட்டேன்." குரல் அப்போதுதான் உடைந்தது. "அது என்ன பாஸ்வேர்ட்? இப்பவாவது சொல்லுங்க."

அவன் சொன்னான். நாலு எழுத்து, ஒரு நட்சத்திரக் குறி, அஞ்சு எண், மறுபடி ரெண்டு எழுத்து. அவள் காகிதத்தின் பின்பக்கம் ஒவ்வொன்றாக எழுதி, எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் ஒண்ணும் இல்ல. ஆபீஸ்ல பாஸ்வேர்ட் இப்படித்தான் வைப்போம்."

"அதுல நான் இருப்பேன்னு நெனச்சேன்" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்படிச் செய்வது என்று அவனைக் கேட்கவில்லை. காகிதத்தைப் பார்த்துப் பாஸ்வேர்டை அடித்துத் தன்னை அட்மின் ஆக்கிக்கொண்டாள். பிறகு அவன் அக்கவுண்டை நீக்கப் போனாள். அவனுடைய ஃபைல்களையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று மெஷின் கேட்டது.

"இதுல உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

"வேண்டாம்."

அவனுக்கு வேண்டியது ஒன்று இருந்தது. அதைக் கேட்கிற யோக்கியதை தனக்கில்லை என்று ஒரு வழியாக அவனுக்குப் புரிந்திருந்தது. அவள் சரி என்பதை அழுத்தினாள். அவன் கேபினெட் மூடியைப் பொருத்தி, நாலு திருகையும் ஒவ்வொன்றாக முறுக்கி, திறக்காத பேஸ்ட் டியூபைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

ஹாலில் சாப்பாட்டு மேஜையில் மூன்று தட்டு வைத்திருந்தது. அத்தை கரண்டியோடு வந்தாள். "முடிஞ்சுதா மாப்பிள்ளை? கையைக் கழுவிட்டு வாங்க, சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடலாம்."

"அவர் கிளம்பறாரும்மா" என்றாள் அவள், அறை வாசலிலிருந்து.

அத்தை மகள் முகத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். இரண்டாவது மாடி வரைக்குந்தான் தாங்க முடிந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.