ஆனைப்பாறை ஏறிய ஜீப்

சேர்வராயன் குகை வாசலில் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

ஐயாக்கண்ணுவின் பிணம் முற்றத்துக் கட்டிலில் கிடந்தது. அதற்கு அடுத்தாற்போல் நின்ற அவருடைய ஜீப்புக்கு அடியில், மகள் கண்ணம்மாள் மல்லாந்து படுத்து போல்ட்டு கழற்றிக்கொண்டிருந்தாள்.

காரணம், எஸ்டேட் கேட். கொட்டச்சேட்டிலிருந்து இடுகாட்டுக்குப் போகிற நல்ல பாதை காப்பித் தோட்டத்துக்குள்தான் போகிறது. காலையில் எஸ்டேட் ரைட்டர் மாரிசாமி குடையோடு வந்தார். பிணத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"தொரை பெரிய மனசு பண்ணிட்டாருங்க. கேட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, மேளமில்லாம எடுத்துட்டுப் போலாமாம்."

"அந்தப் பாதைய வெட்டுனதே எங்கப்பனுங்க. கேட்டு நேத்து வந்தது," என்றாள் கண்ணம்மாள். "கையெழுத்துத்தானுங்களே? அவரு எந்திரிச்சாப் போடச் சொல்றேன். இருந்து வாங்கிட்டுப் போங்க."

ரைட்டர் இருக்கவில்லை.

மிச்சமிருந்தது ஆனைப்பாறை வழி. ஓடையில் இறங்கி, பாசி பிடித்த பாறை மேல் ஏற வேண்டும். கேட் வந்த புதிதில், போன ஆடி மழையில், செத்துப்போன முனியப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்படிப் போனபோது தூக்கியவர்கள் எல்லாரும் சறுக்கினார்கள். முனியப்பன் மட்டும் பாடையோடு ஓடைவழியே குப்பனூர் வரை போய்ச் சேர்ந்தார். அங்கே யாரோ நல்லவர்கள் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பிவைத்தார்கள். அதிலிருந்து அந்த வழிக்குத் தோள் கொடுக்க ஆளில்லை.

ஜீப்பில் போகலாம். ஆனால் பாறையில் ஜீப்பின் வயிறு தட்டும்.

துக்கத்துக்கு வந்திருந்த ஒண்டிக்கடை மெக்கானிக் லூர்துராஜ், மாலையைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"உசத்தற சாமான் சேலத்துல கெடைக்கும் கண்ணு. வாங்குனா உங்க நெலம் போயிரும்."

"வாங்காம உசத்தறதுக்குச் சொல்லுங்கண்ணா."

அவர் தாடையைச் சொறிந்தார். "ஸ்பிரிங் பட்டை அச்சுக்கு அடியில இருக்குதுல்ல? அதைக் கழட்டி அச்சுக்கு மேல வெச்சுக் கட்டு. ஒரு சாண் எந்திரிக்கும். மினி லாரி டயரு இருந்தா இதே ரிம்முல உக்காரும். ஆனா உசத்துனா சக்கரத்தச் சுத்தற ஷாஃப்ட்டு எட்டாது."

"எட்டாட்டிப் போவுது."

லூர்துராஜ் அவளைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினார்.

டயர்கள் பக்கத்து அருக்காணி வீட்டுக் கொல்லையில் கிடந்தன. ஒன்றில் கோழி அடையிருந்தது. இறங்க மறுத்துவிட்டது. முட்டைகளை முறத்தில் மாற்றி ஜீப்பின் முன் சீட்டில் வைத்த பிறகுதான், தானும் ஏறி உட்கார்ந்து டயரை விட்டுக்கொடுத்தது.

பெரிய டயர் மட்கார்டில் உரசியது. கண்ணம்மாள் ரம்பத்தை எடுத்தாள். ராசம்மாள் புருசனுக்கான ஒப்பாரியை நிறுத்தினாள்.

"ஏண்டி, ஆசையாப் பச்சப் பெயிண்டு அடிச்சாரே! அதையா அறுக்கற?"

"ஆமாம்மா."

"அப்ப நேரா அறு."

ஒப்பாரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கடைசி நட்டு இறுகியதும் ஜீப் எழுந்து நின்றது. மழைக்கு ஒதுங்க வந்த மாடு ஒன்று அதனடியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது, கொம்பு படாமல்.

பிணத்தைக் குளிப்பாட்டினார்கள். கண்ணம்மாள் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவி, சீயக்காய் போட்டும் கழுவினாள். அப்படியும் அப்பன் நெற்றியில் திருநீறு பூசும்போது பெருவிரல் கிரீஸ் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. துடைக்கச் சொல்லி யாரோ ஈரத்துணி நீட்டினார்கள். ராசம்மாள் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பிணத்தை ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். ஸ்டியரிங் பிடிக்கக் கண்ணம்மாள் ஏறியதும் ஊர்ப்பெரியவர் பொன்னுவேல் குறுக்கே வந்தார்.

"ஏனுங்கம்மிணி, பொம்பளைங்க இடுகாட்டுக்கு வரக்கூடாதுங்க."

"நான் எங்கீங்க வாரேன்? ஜீப்புதானுங்க வருது. நான் அதுக்குள்ள உக்காந்திருக்கறேன்."

பொன்னுவேல் யோசித்தார். வழியை விட்டார்.

ஜீப் நகர்ந்தது. ஐயாக்கண்ணு இருந்தவரை அது இவ்வளவு அமைதியாகப் போனதே இல்லை. ஊரே அதன்மேல் கை வைத்தபடி பின்னால் வந்தது, மரியாதைக்காக. எஸ்டேட் வேலியோரம் வந்ததும் மேளக்காரர்கள் வேண்டுமென்றே நின்று அடித்தார்கள். பங்களா வராந்தாவில் துரை வந்து நின்றார். அவருடைய காப்பிச் செடிகள் அந்த அடியில் பழுக்காத காயையும் உதிர்த்தன.

ஆனைப்பாறையில் முன்சக்கரங்கள் ஏறின. ஜீப் வானத்தைப் பார்த்து நின்றது. கோழிகூடக் கண்ணை மூடிக்கொண்டது. கண்ணம்மாள் பின்னால் திரும்பவில்லை.

"புடிச்சுக்கங்கப்பா," என்றாள்.

வயிறு தட்டவில்லை. பின்சக்கரங்களும் ஏறின. மேலே போய்ச் சேர்ந்தபோது ஊர் முழுக்க மூச்சு வாங்கியது, துக்கத்தில். மேளச்சத்தம் தோட்டத்துக்கு மேலே நொடிக்கொரு தரம் விழுந்துகொண்டிருந்தது. கீழே கேட், பூட்டியபடியே நின்றது.

அந்த ஜீப்பின் இன்ஜினை, ஐயாக்கண்ணுவைச் சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே கழற்றி விற்றுவிட்டிருந்தார்கள்.