பழுப்பு எலி, வெள்ளை எலி, டைரக்டர்

கோபே நகரில் செருப்புப் பசை தயாரிக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. பசையில் கலக்கும் கரைப்பானின் ஆவி உடம்பை என்ன செய்யும் என்று பார்க்கச் சொல்லி அதை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றும் செய்யாது என்று எழுதித் தரச் சொல்லி அனுப்பினார்கள் என்பதே சரி.

வேலையை நடத்தியவர் செகியா மிவாகோ. நான் அவருக்கு உதவி. இரண்டு இன எலிகளைக் கண்ணாடி அறையில் வைத்து ஒரே காற்றைச் சுவாசிக்கவிட்டோம். பழுப்பு இனம், இழுத்த ஆவியில் பெரும்பகுதியை அப்படியே வெளியே ஊதிவிட்டது. வெள்ளை இனத்தின் ஈரல் மகா சுறுசுறுப்பு. ஆவியைப் பிடித்து வேறொரு விஷமாக மாற்றி, அந்த விஷத்திலேயே தானும் வெந்துபோனது. அதன் அடையாளம் மூத்திரத்தில் வந்தது.

முடிவைக் கேட்க கம்பெனி டைரக்டர் குசகாபே நேரில் வந்தார். கூடவே தொழிற்சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர். எங்கள் தலைவர் இவாதாதே வாசல்வரை போய்க் குனிந்தார். நிமிரத்தான் வெகுநேரமானது.

"பழுப்பு எலி நல்லாத்தானே இருக்கு? அதை மட்டும் எழுதுங்க," என்றார் குசகாபே.

"வெள்ளையும் எலிதாங்க," என்றார் செகியா.

"எங்க ஆளுங்க பழுப்பு ரகம்மா. பசை நாத்தத்துலயே சோறு தின்னு வளர்ந்தவங்க."

"ரொம்பச் சரிங்க," என்றார் இவாதாதே. அவர் எலியைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது.

"அதெப்படித் தெரியும் தலைவரே? ஆளுங்க மூத்திரத்தைச் சோதிச்சாத்தான் தெரியும்," என்றார் செகியா.

சங்கத்துக்காரர்கள் குசகாபேவையே பார்த்தார்கள். அவருக்கு வீரம் வந்துவிட்டது.

"எதுக்குச் சந்தேகம்? நானே பசை அறையில ஒரு பகல் பூரா நிக்கிறேன். முகமூடிகூட வேணாம். அப்புறம் சோதிச்சுக்குங்க."

சொன்னபடியே நின்றார். போட்டோகூட எடுத்துக்கொண்டார். பக்கத்தில் வேலை செய்த மூன்று தொழிலாளிகளும் அன்று மாலை அவரோடு மூத்திர மாதிரி கொடுத்தார்கள். இரண்டு பேர் பழுப்பு எலியைப் போல. ஹமாமிச்சி என்பவர் வெள்ளை எலியைப் போல. டைரக்டரோ, எங்கள் வெள்ளை எலிகளே வெட்கப்படும் அளவுக்கு வெள்ளை.

இவாதாதேவுக்கு வேர்த்தது. "மெஷின் கோளாறா இருக்கும். திரும்ப ஓட்டு." ஓட்டினோம். அதேதான். "இதை யாரு போய் அவருகிட்ட சொல்றது?" என்று கேட்டுவிட்டு, அவசர வேலை என்று கிளம்பிவிட்டார்.

செகியாதான் போய்ச் சொன்னார். நானும் கூட இருந்தேன். குசகாபேவின் கை தானாக வலது விலாவுக்குக் கீழே போனது.

"ஈரல் கெட்டுப்போச்சாம்மா?"

"ஒரு பகல்ல ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. தினமும் அங்க நிக்கிறவங்களைத்தான் கேக்கணும்."

"அதை விடு. என் ஈரலைச் சொல்லு."

அதற்குப் பிறகு எல்லாம் மின்னல் வேகம். அறிக்கையில் இரண்டு எலிகளும் இடம்பெற்றன. பசை அறையின் கூரையைத் திறந்து பெரிய காற்றுக் குழாய்கள் போட்டார்கள். தொழிலாளர் நலனில் தனக்குள்ள அக்கறையைப் பற்றி குசகாபே பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். ஆனால் அந்தப் பக்கம் அவர் காலே வைக்கவில்லை.

ஹமாமிச்சியைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். செகியா விடாமல் நச்சரித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஈரலில் ஏற்கெனவே வீக்கம். இப்போதே விலகிக்கொண்டால் தேறும் என்றார் டாக்டர்.

ஒருநாள் கோபேயின் நகாதா பகுதியில் ஒரு கடையில், நூடுல்ஸும் சோறும் கொத்தி வதக்கும் கல்லைச் சுற்றி ஹமாமிச்சி, செகியா, நான் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"வருஷக்கணக்கா நான் அங்க மூச்சு விட்டேன், ஒருத்தனும் கேக்கல," என்றார் ஹமாமிச்சி. "அவரு ஒரு பகல் விட்டாரு, கூரையையே பிச்சுட்டாங்க."

"இன்னும் ரெண்டு டைரக்டரை நிக்க வச்சிருக்கணுங்க," என்றார் செகியா. "தரையையும் மாத்தியிருப்பாங்க."

ஹமாமிச்சி சிரித்தார். பீர் கேட்கக் கையைத் தூக்கியவர், செகியாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் சொன்னார்.