பழுதில்லாத குண்டு

என் மருமகள் வெடிகுண்டுத் தொழிற்சாலையில் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். பெரிதாக வேலை ஒன்றும் இல்லை. குண்டு ஒழுங்காக வெடித்துவிட்டால் புகார் சொல்ல ஆள் ஏது? அதற்கு முன் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். அங்கே சரிபார்த்த ஒவ்வொரு குண்டின் வாலிலும் பார்த்தவரின் எண்ணைக் குத்துவார்கள். இவளுடையது நாற்பத்தொன்று.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே கருகிய தகடு, அதில் 41. அனுப்பியவர் ஒரு டீச்சர். ‘இது எங்கள் மூன்றாம் வகுப்பில் விழுந்தது. பதினோரு பிள்ளைகள் போய்விட்டார்கள். இதை யார் சரிபார்த்தது?’

மருமகள் புகார்ப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் ஓடினாள்.

“சார், இதுல மூணு கட்டம்தான் இருக்கு. வெடிக்கல, லேட்டா வெடிச்சுது, குறி தப்பிடுச்சு. எதுல டிக் போட?”

“குறி தப்பிடுச்சுன்னு மட்டும் போட்டுடாதம்மா! நம்ம மானமே போயிடும். வாங்கினவங்க அடுத்த ஆர்டரோட நிக்கறாங்க.”

“அப்போ அந்தப் பிள்ளைங்க?”

“எங்க போடறாங்கன்னு பார்க்கவா நமக்குச் சம்பளம்? பழுது இல்லைன்னு டீச்சருக்குப் பதில் எழுது. கையெழுத்து நான் போடறேன்.”

எழுதினாள். ‘எங்கள் பொருளில் பழுதில்லை. குறிவைத்த இடத்தில்தான் விழுந்திருக்கிறது.’

“அடடா, இதாம்மா எழுத்து!” மேனேஜருக்கு வாயெல்லாம் பல். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் ஓங்கிக் குத்தினார். அவர் மறுபடி படித்துத் தொலைப்பதற்குள் இவளே ஓடிப்போய்த் தபாலில் போட்டுவிட்டாள்.

இரண்டே வாரம். அங்கே எல்லாப் பத்திரிகையிலும் அந்தக் கடிதம்தான். பள்ளிக்கூடத்தைக் குறிவைத்தே அடித்தார்கள், குண்டு விற்றவர்களே சொல்லிவிட்டார்கள் என்று ஊரே கொந்தளித்தது. வாங்கினவர்கள் ஆர்டரைத் தூக்கிக் கடாசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேனேஜர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

“அம்மா, நீங்களாவது மருமககிட்டச் சொல்லுங்க. குண்டு பழுதுதான், கவனிக்காம விட்டுட்டேன்னு ஒரே ஒரு வரி எழுதித் தரட்டும்.”

“மானம் போயிடும்னீங்களாமே?” என்றேன்.

“அது போன மாசம்மா.” இவள் பக்கம் திரும்பினார். “எழுதலைன்னா உனக்கு வேலை இருக்காது, பார்த்துக்கோ.”

மருமகள் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“போகட்டும் சார். அந்தக் குண்டை நான் நல்லாத்தான் செக் பண்ணினேன். அதுதான் சார் எனக்குத் தாங்கல.”