கரடியின் அம்மாக்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஆள் கூப்பிட்டிருந்த அண்ணி, எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்வரைகூடப் பொறுக்கமாட்டாமல் சாப்பாட்டு மேசையிலேயே எழுந்து நின்றாள்.

"நானும் தத்து எடுத்துட்டேன்!"

அவளுடைய நாத்தனாரான டிரைவிங் டீச்சருக்குக் கையிலிருந்த கவளம் பாதி வழியில் நின்றுவிட்டது. அண்ணியின் பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து ஆளாகி வெளியூரில் படிக்கிறார்கள். இந்த வயதில் இவளுக்கு எதற்கு இன்னொன்று என்று அவள் தன் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தண்ணீர் டம்ளரைப் பார்த்தான். அந்த வீட்டில் எது நடந்தாலும் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பது அவனுடைய வழக்கம்.

அண்ணி உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தாள். பொன்னிறக் கரை வைத்துச் சட்டம் போட்ட சான்றிதழ், ஒரு பொம்மைக் கரடி, ஒரு நிஜக் கரடியின் படம் எல்லாம் மேசைக்கு வந்தன. ஊருக்கு வெளியே இருக்கும் விலங்குக் காப்பகத்தில், சர்க்கஸிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த கிழட்டுக் கரடியாம். மாதாமாதம் ஏதோ கட்டினால் நீங்கள் அதற்கு அம்மா. போனில் ஐந்து நிமிஷ வேலை.

"இப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணு," என்று அண்ணி டீச்சரின் தோளைத் தட்டினாள்.

ஒண்ணாம்! டீச்சருக்குக் காது மடல் சுட்டது. கல்யாணம் வேண்டாம், பிள்ளை மட்டும் போதும் என்று கிளம்பியவள் அவள். அதற்காக வருஷக்கணக்கில் நடையாய் நடந்தாள். வீட்டுக்கு வந்த அதிகாரிகள் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தார்கள், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார்கள், நீ செத்துப்போனால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். கடைசியில் நீதிபதி முன்னாலும் நின்றாள். "யார் பெத்ததோ, எப்படிப்பட்ட ரத்தமோ" என்று அப்போது மூக்கைச் சுளித்ததும் இதே அண்ணிதான். இரண்டரை வயதில் வீட்டுக்கு வந்த குழந்தை முதல் வாரமே டீச்சரின் மணிக்கட்டைக் கடித்துப் பதம் பார்த்துவிட்டது. ஆள் குட்டையாக இருந்ததால் சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்தது, ஒன்பது வயதாகியும் அப்படியே நிலைத்துவிட்டது.

சுண்டு பொம்மைக் கரடியின் காதைத் திருகிக்கொண்டே கேட்டாள். "அத்தை, கரடி எப்ப வீட்டுக்கு வரும்?"

"அதெப்படிம்மா வரும்? அது அங்கயேதான் இருக்கும்."

"அதுக்கு உங்களைத் தெரியுமா?"

"தெரியணும்னு இல்லடா செல்லம். நமக்கு அதைத் தெரிஞ்சா போதும்."

"அது சேட்டை பண்ணினா?"

அண்ணி சிரித்தாள். "பிடிக்கலைன்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம். இதுல வசதியே அதுதான்."

சுண்டு பொம்மையின் காதை விட்டுவிட்டாள்.

மறுநாளிலிருந்து டீச்சரின் வீட்டில் வேறு யாரோ ஒரு பிள்ளை வளைய வந்தது. எழுப்புவதற்கு முன்னால் எழுந்தது. பிடிக்காத காய்கறியை முகம் சுளிக்காமல் விழுங்கியது. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தது. "நான் தொந்தரவா இருக்கேனாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டது. வாயாடிச் சுண்டு இருந்த இடம் தெரியவில்லை. வந்த புதிதில், கடித்ததற்காகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து மாதக்கணக்கில் இப்படித்தான் இருந்தாள். பயம் விட்டுப்போன அன்றைக்கு முதல் தடவையாக அடம்பிடித்து அழுதாள். டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

அவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை ஒரு மத்தியானத்தில் சரித்துவிட்டாள், சான்றிதழ் வாங்கிய மகராசி. சுண்டுவிடம் நேராகக் கேட்க டீச்சருக்குத் தைரியம் வரவில்லை. ஆத்திரம் மட்டும் வேண்டியமட்டும் வந்தது.

அடுத்த வாரம் காப்பகத்தில் 'பெற்றோர் தினம்' என்று அண்ணி அழைத்தாள். அண்ணனுக்குச் சரியாக அன்றைக்குப் பார்த்து வயிற்றுவலி. கார் ஓட்ட ஆள் வேண்டும். சுண்டு, "கரடியைப் பாக்கணும்மா," என்றாள். டீச்சர் சாவியை எடுத்தாள்.

வாசலில் ஒரு பெண் வருகிற எல்லாருக்கும் 'அம்மா', 'அப்பா' என்று அச்சடித்த பட்டைகளைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தாள். "எனக்கு வேண்டாம்மா. நான் எந்தக் கரடிக்கும் ஒண்ணும் ஆகமாட்டேன்," என்று டீச்சர் விலகி நடந்தாள்.

கரடியின் வேலியருகே பெரிய கூட்டம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தி, "என் பிள்ளை எப்படிச் சொறிஞ்சுக்கறான் பாருங்களேன்," என்று உருகினாள்.

"யாருடைய பிள்ளை? அது என் கரடி," என்றாள் அண்ணி.

"ரெண்டு வருஷமா நான்தாங்க அப்பா," என்றார் தொப்பை வைத்த ஒருவர்.

கரடியோ அத்தனை பேருக்கும் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு கம்பத்தில் முதுகைத் தேய்த்தது. அங்கே இருந்தவர்களில் மானம் மரியாதை உள்ளது அது ஒன்றுதான் என்று டீச்சருக்குத் தோன்றியது.

அண்ணி காப்பகத்தின் விளம்பர மேலாளரைப் பிடித்தாள். "எத்தனை பேருக்குத்தான் இதைக் குடுத்திருக்கீங்க?"

"தொள்ளாயிரத்துச் சொச்சம் அம்மா அப்பா, மேடம். கொடுத்து வெச்ச கரடி!" என்றான் அவன், பல் தெரிய.

"அப்புறம் ஏன் தத்துன்னு சொல்றீங்க? நன்கொடைன்னு சொல்றதுதானே?" என்று டீச்சர் குறுக்கே புகுந்தாள்.

"போட்டுப் பாத்தோம் மேடம். ஒருத்தர் திரும்பிப் பாக்கலை. தத்துன்னாத்தான் மனசு உருகுது. மனசு உருகினாத்தான் கரடிக்குச் சோறு."

அதில் பொய் இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. தத்துன்னா வேணுங்கறப்ப நிறுத்திக்கலாம்னு உங்களாலதான் அவளுக்குத் தெரிஞ்சது. அதுலேருந்து பயந்துபோய், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கறா."

"நல்ல பழக்கம்தானே மேடம்," என்றவன் திடீரென்று முகம் மலர்ந்தான். "ஒரு நிமிஷம்... உங்க பொண்ணு நிஜத் தத்தா? அப்ப அவங்களையும் கரடியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு படம் எடுத்துக்கலாமா? எங்க விளம்பரத்துக்குப் பிரமாதமா இருக்கும்!"

"எடுத்துக்கட்டுமே, பாவம்," என்றாள் அண்ணி.

டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தாள். இவனைத் திட்டுவதுகூட வார்த்தைக்குச் சேதாரம்.

"உங்க அம்மா படத்தைப் போடுங்க. உங்களை வளர்த்ததுக்கு அவங்களுக்கும் ஏதாவது கிடைக்கட்டும்." பிறகு அண்ணியிடம் திரும்பினாள். "நீங்க செஞ்சது நல்ல காரியம் அண்ணி. தர்மம். அந்தப் பேரே அதுக்குப் போதும். தத்துங்கற என் வீட்டுப் பேரை எடுத்து அதுக்கு ஒட்டாதீங்க."

அண்ணி வாயைத் திறந்தாள். டீச்சர் நிற்கவில்லை. வேலியோரம் நின்ற சுண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு வந்தாள். வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா," என்றாள் சுண்டு, ஜன்னலைப் பார்த்தபடி. "என்னை நிறுத்த முடியுமா?"

"முடியாது."

"நான் ரொம்ப ரொம்பக் கெட்டவளா ஆனா?"

"அப்பவும் முடியாது. நீயே வந்து நிறுத்துன்னு கேட்டாலும் முடியாது. கெட்டவளா ஆனா, ஒரு கெட்டவளுக்கு அம்மாவா இருந்து தொலைவேன். வேற வழி?"

சுண்டு ஜன்னலிலிருந்து திரும்பினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். ஒரு வாரமாக அடக்கிவைத்த அழுகை, மூக்கொழுக, சத்தமாக. டீச்சர் கைக்குட்டையைத் தேடாமல் தன் துப்பட்டாவையே கொடுத்தாள்.

பத்து நாளில் அண்ணி கரடியை விட்டுவிட்டாள். தொள்ளாயிரம் பேரோடு பங்கு போட முடியாதாம். இப்போது ஓர் ஆமைக்கு அம்மா. அதற்கு இதுவரை வேறு யாரும் இல்லையாம். இதைக் கேட்ட சுண்டு, "அப்ப கரடிக்குச் சாப்பாடு குறையுமா?" என்று கவலைப்பட்டாள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பகத்துக்குப் பணம் அனுப்பினாள்.

மறுநாள் ஒரு மாணவருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அதே விளம்பர மேலாளரின் குரல்.

"வாழ்த்துகள் மேடம்! நீங்க அம்மா ஆயிட்டீங்க!"

"ஆகலை. நானும் என் பொண்ணும் கரடிக்குச் சாப்பாடு போடறோம். அப்படியே எழுதிக்குங்க."

"எங்க கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு வகையே இல்லையே மேடம்."

"உண்டாக்குங்க," என்று வைத்துவிட்டாள்.

"யார் மேடம்?" என்று கேட்டார் மாணவர்.

"அது ஒரு அரைவேக்காடு. நீங்க கண்ணாடியைப் பாருங்க, பின்னால சைக்கிள் வருது."